கோதுமை வணிகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: 12.5 என்றால் எந்த 12.5?

கோதுமை வணிகத்துக்குப் புதிதாக வருகிறவர்களோடு அடிக்கடி உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். சிலர் மாவாலைகளுக்குக் கொள்முதல் பார்க்கிறவர்கள், சிலர் சந்தை அறிக்கை எழுதுகிறவர்கள். தொடக்கத்தில் நான் எங்கெங்கே சறுக்கினேனோ அதே இடங்களில், அதே மாதிரி சறுக்குகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வரவில்லை.

எல்லாருக்கும் தெரிந்த சங்கதிகளை விட்டுவிடுகிறேன். அதிகம் விளைவிக்கும் நாடுதான் அதிகம் விற்கும் என்று நினைப்பது முதல் வாரத்திலேயே தெளிந்துவிடும். சீனாவும் இந்தியாவும் உற்பத்தியில் முதல் இரண்டு இடங்களில் இருந்தாலும், விளைவதைப் பெரும்பாலும் உள்நாட்டிலேயே தின்று தீர்த்துவிடுகின்றன. உலகில் ஆண்டுக்குச் சுமார் 80 கோடி டன் விளைகிறது. அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் எல்லை தாண்டுகிறது. அதையும் பெரும்பாலும் ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம், கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, உக்ரைன், அர்ஜென்டினா ஆகியவைதான் கப்பல் ஏற்றுகின்றன. இதுவரைக்கும் யாரும் தவறுவதில்லை. இதற்கு அடுத்த படியில்தான் வழுக்குகிறது.

புரத அளவை அடிப்படை கேட்காமல் படிப்பது

இத்தனை வருஷம் கழித்தும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இது ஒன்றுதான்.

நான் ஒரு மாவாலையின் கொள்முதல் பிரிவில் சேர்ந்த புதிது. அதுவரை அந்த ஆலை வாங்கிக்கொண்டிருந்தது அமெரிக்கக் கோதுமை. ரொட்டி மாவுக்கு எங்கள் கணக்கு, கோதுமையில் 12.5 சதவீதப் புரதம். ஒரு நாள் கருங்கடல் சரக்குக்கு, அதாவது ரஷ்யா, உக்ரைன் பக்கத்துக் கோதுமைக்கு, விலை கேட்டோம். புரதம் குறைந்தபட்சம் 12.5 என்று தாள் வந்தது. விலையோ நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்ததைவிட நன்றாகவே குறைவு. அதே புரதம், குறைந்த விலை. 30,000 டன் வாங்கலாம் என்று பரிந்துரை எழுதியவன் நான்தான்.

சரக்கு வந்து, அரைத்து, முதல் மாவு பரிசோதனை பேக்கரிக்குப் போனது. மறுநாள் காலை அங்கிருந்த மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு ரொட்டியைக் கையில் கொடுத்தார். எழும்பவே இல்லை. மேல்பக்கம் தட்டையாக, நடுவில் அமுங்கி இருந்தது. கத்தி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. "என்ன தம்பி, மாவை மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். "இல்லண்ணே, அதே 12.5 தான்" என்றேன். ஆய்வகத் தாளை எடுத்துக்கொண்டு எங்கள் மூத்த அதிகாரியிடம் ஓடினேன். அவர் தாளைக்கூடப் பார்க்கவில்லை. "எந்த அடிப்படையில?" என்று மட்டும் கேட்டார்.

விற்றவர் அனுப்பிய தாளை மறுபடி விரித்தேன். 12.5 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டே எழுத்து: டி.எம். உலர் பொருள் அடிப்படை என்று அர்த்தம். அதை முதல் தடவையே நான் பார்த்திருந்தேன். பார்த்தும் அது என்னவென்று கேட்கவில்லை.

நூறு கிராம் கோதுமையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 12 கிராம் தண்ணீர், மீதி 88 கிராம் உலர்ந்த பொருள். அந்த 88 கிராமுக்குள் 11 கிராம் புரதம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தண்ணீரையும் சேர்த்து 100-க்குக் கணக்குப் போட்டால் புரதம் 11 சதவீதம். தண்ணீரை நீக்கிவிட்டு 88-க்குக் கணக்குப் போட்டால் 12.5 சதவீதம். தானியம் ஒன்றுதான், அதிலுள்ள புரதமும் ஒன்றுதான், தாளில் விழுகிற எண் மட்டும் வேறு. அமெரிக்கா 12 சதவீத ஈரப்பதத்தை வைத்துச் சொல்கிறது. கனடா 13.5 சதவீத ஈரப்பதத்தை வைத்து. ஆஸ்திரேலியா 11. ரஷ்யா, உக்ரைன், ஐரோப்பிய நாடுகளில் வழக்கம் உலர் பொருள் அடிப்படை. நான் வாங்கிய 12.5, எங்கள் ஆலைக் கணக்கில் வெறும் 11. எங்களுக்குத் தேவைப்பட்டது உலர் கணக்கில் 14.2.

அந்தச் சரக்கை வீணாக்காமல் இருக்க என்ன பாடு பட்டோம் என்பது தனிக் கதை. குளூட்டன் என்கிற கோதுமைப் புரதத்தை உலர் தூளாக வாங்கிக் கலந்தோம். புரதம் கூடிய கனடியக் கோதுமையை அவசரமாக, அன்றைய விலைக்கு வாங்கிக் கலந்தோம். மீதியை பிஸ்கட் மாவுக்குத் திருப்பினோம். மிச்சம் பிடித்ததாக நான் எழுதிக் காட்டிய தொகை எல்லாம் இதிலேயே கரைந்து, அதற்கு மேலும் போனது. விற்றவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. ஏற்றும் துறைமுகத்தில் எடுத்த மாதிரியும் அதன் சான்றிதழுமே இறுதி என்பது ஒப்பந்தம். சான்றிதழில் இருந்தது 12.6. கேட்டதைத்தான் அவர் கொடுத்திருந்தார்.

இது என்னோடு போகட்டும் என்று இருந்தேன். சமீபத்தில் ஒரு புதியவர் தயாரித்த ஒப்பீட்டு அட்டவணை என் மேசைக்கு வந்தது. ரஷ்யா 12.5, அமெரிக்க ஹார்ட் ரெட் விண்டர் 11.5, ஆஸ்திரேலிய ஏ.பி.டபிள்யூ. என்ற வெள்ளைக் கோதுமை 10.5, கனடிய சிவப்பு வசந்தக் கோதுமை 13.5 என்று வரிசையாகப் போட்டு, ரஷ்யக் கோதுமை அமெரிக்கக் கோதுமையைவிடப் புரதம் கூடியது என்று முடிவும் எழுதியிருந்தார். நான்கையும் உலர் கணக்குக்கு மாற்றச் சொன்னேன். அமெரிக்கக் கோதுமை 13.1 ஆனது. ஆஸ்திரேலியா 11.8. கனடா 15.6. ரஷ்யா 12.5-லேயே நின்றது. யார் யாரைவிட மேல் என்ற முடிவே தலைகீழானது. அந்த அட்டவணையை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பியிருந்தால் இன்னொரு கப்பல் வந்து நின்றிருக்கும்.

மாற்றுகிற வழி எளிது. சொன்ன புரதத்தை, நூறிலிருந்து அந்த ஈரப்பதத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். எந்த நாட்டுத் தாளாக இருந்தாலும் முதல் வேலையாக இதைச் செய்துவிட்டுப் பிறகு விலையைப் பாருங்கள்.

இதே குழிக்குள் இன்னொரு குழியும் உண்டு. ஆய்வகத்தில் வழக்கமாக அளப்பது நைட்ரஜனை. அதை ஒரு எண்ணால் பெருக்கித்தான் புரதம் என்கிறார்கள். உணவுக் கோதுமைக்கு அந்த எண் 5.7, கால்நடைத் தீவனத்துக்கு 6.25. தீவன ஆய்வகத்தில் கோதுமையைக் கொடுத்து, எந்த எண் என்று கேட்காமல் விட்டால், 12.5 இருக்க வேண்டிய சரக்கு 13.7 என்று வந்து நிற்கும். ஆகவே ஒப்பந்தத்தில் புரதம் எழுதும் அதே வரியில் ஈரப்பத அடிப்படையும் 5.7 என்ற எண்ணும் இருக்க வேண்டும். இணைப்புத் தாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

புஷெல்

அமெரிக்கச் சந்தைகளில் தானியத்துக்கு விலை சொல்லும் அளவு புஷெல். ஒரு டன் கோதுமை 36.74 புஷெல். மக்காச்சோளத்துக்கு 39.37. கலக்காதீர்கள்.

துரம் கோதுமை

வேறு இனக் கோதுமை, வேறு விலை, வேறு வாடிக்கையாளர். பாஸ்தாவுக்கும் குஸ்குஸுக்கும் போவது. பொதுக் கணக்கிலிருந்து பிரித்து வையுங்கள்.

சிகாகோ விலையைக் கோதுமை விலை என்று எழுதுவது

சிகாகோ முன்பேரச் சந்தையில் விலை பேசப்படுவது சாஃப்ட் ரெட் விண்டர், புரதம் குறைந்த மென் ரகம். ரொட்டிக்கான கடின ரகத்துக்கு கன்சாஸ் சிட்டி ஒப்பந்தமும் மினியாபொலிஸ் ஒப்பந்தமும் இருக்கின்றன. ஐரோப்பாவுக்குப் பாரிஸில் யூரோநெக்ஸ்ட். மார்ச் 2022-இல் சிகாகோ புஷெலுக்கு 13 டாலரைத் தாண்டியபோது, அதையே தங்கள் சரக்கின் விலையாக எடுத்துக்கொண்டு பதறிக் கொள்முதல் செய்தவர்களை நான் அறிவேன். நீங்கள் வாங்குவது எந்த ரகமோ அதன் துறைமுக விலையைக் கேளுங்கள். பிறகு கப்பல் வாடகையைச் சேருங்கள். தூரத்துத் துறைமுகத்தின் மலிவுச் சரக்கு, வாடகை ஏறிய பிறகு மலிவாக இருப்பதில்லை.

எல்லா நாட்டுக்கும் ஒரே ஆண்டு என்று கூட்டுவது

2024-25 என்று எழுதினால் அமெரிக்காவுக்கு அது ஜூனில் தொடங்குகிறது. ரஷ்யா, உக்ரைன், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஜூலை, கனடாவுக்கு ஆகஸ்ட், ஆஸ்திரேலியாவுக்கு அக்டோபர், அர்ஜென்டினாவுக்கு டிசம்பர். இவற்றை நெடுக்காகக் கூட்டி "இந்த ஆண்டின் ஏற்றுமதி" என்று போட்டால், பதினெட்டு மாதத்தை ஒரே பைக்குள் அடைத்த மாதிரி ஆகிவிடும். அமெரிக்க வேளாண் துறை, நாடுகளை ஒப்பிடுவதற்காகவே ஜூலை முதல் ஜூன் வரை என்று ஒரு பொது வணிக ஆண்டு வைத்திருக்கிறது. அதன் அட்டவணைகளில் உள்நாட்டுச் சந்தை ஆண்டுக் கணக்கும் இந்த வணிக ஆண்டுக் கணக்கும் தனித்தனியாக இருக்கும். எதிலிருந்து எடுத்தீர்கள் என்று அட்டவணைக்கு அடியிலேயே எழுதிவிடுங்கள்.

கப்பல் ஏறிய துறைமுகத்தைச் சரக்கின் ஊராக நினைப்பது

கான்ஸ்டான்சா ருமேனியத் துறைமுகம். ஆனால் அங்கு ஏறுவதெல்லாம் ருமேனியக் கோதுமை என்று இல்லை. தன்யூப் ஆற்று வழியாகப் படகில் ஹங்கேரி, செர்பியச் சரக்கும் அங்கே வந்து சேர்கிறது. போர் தொடங்கிய பிறகு உக்ரைன் தானியமும் இஸ்மாயில், ரெனி என்ற தன்யூப் துறைமுகங்கள் வழியாக அங்கே பெருமளவு வந்தது. கஜகஸ்தானுக்குப் பெருங்கடல் வாசலே கிடையாது. அதன் கோதுமை வேறு நாட்டுத் துறைமுகம் வழியாகத்தான் பெருங்கடலைப் பார்க்கும். தரம், தாவர நோய்ச் சான்றிதழ், இறக்குமதி அனுமதி எல்லாமே விளைந்த நாட்டை ஒட்டியது என்பதால், துறைமுகப் பெயரை நம்பித் தரம் ஊகிப்பவர்கள் சர்வேயர் அறிக்கை வந்த பிறகுதான் விழித்துக்கொள்கிறார்கள்.

இறக்குமதி வரிசையை நிலையானது என்று எடுத்துக்கொள்வது

எகிப்தும் இந்தோனேசியாவும் பட்டியலின் மேலேயே இருப்பதற்குக் காரணம் உண்டு. எகிப்து மானிய ரொட்டிக்கு வாங்கியாக வேண்டும். இந்தோனேசியாவில் கோதுமை விளைவதே இல்லை, நூடுல்ஸுக்கும் ரொட்டிக்கும் மொத்தமும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். மற்றவர்களின் இடம் அப்படி உறுதியானதல்ல. துருக்கி பெரிய இறக்குமதியாளர் என்று படித்துவிட்டு, அங்கே சாப்பாட்டுக்குக் கோதுமை இல்லை என்று எழுதுகிறார்கள். உலகிலேயே அதிக மாவு ஏற்றுமதி செய்யும் நாடு துருக்கி. வாங்கிய கோதுமையில் பெரும்பங்கு மாவாகவும் பாஸ்தாவாகவும் வெளியே போகிறது. 2024 ஜூன் 21 முதல், நல்ல அறுவடையைக் காரணம் காட்டி அந்நாடு கோதுமை இறக்குமதியையே நிறுத்தி வைத்தது. அந்தச் சந்தையை மட்டும் நம்பியிருந்த விற்பனையாளர்கள் வேறு வாடிக்கையாளரைத் தேட வேண்டியதாயிற்று. சீனாவும் இப்படித்தான். 2023-இல் ஏறத்தாழ 1.2 கோடி டன் வாங்கிய நாடு, அடுத்த வருஷத்தின் பிற்பாதியிலேயே கையைச் சுருக்கிக்கொண்டது.

டெண்டரில் எழுதிய விதியைக் கடைசி விதி என்று நம்புவது

எர்காட் என்ற பூஞ்சைக்கு 0.05 சதவீதம் வரை அனுமதிப்பது உலக வழக்கம். எகிப்தின் கொள்முதல் அமைப்பு அதை ஏற்றாலும், அந்நாட்டின் தாவரப் பாதுகாப்பு அதிகாரிகள் பூஜ்யம்தான் என்று பிடிவாதமாக நின்றார்கள். 2015 இறுதியில் பிரான்ஸிலிருந்து வந்த ஒரு கப்பல் சரக்கு நிராகரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு விற்பனையாளர்கள் டெண்டருக்கு வராமலே ஒதுங்கினார்கள். செப்டம்பர் 2016-இல்தான் 0.05 மீண்டும் ஏற்கப்பட்டது. வாங்குகிற அலுவலகம் ஒன்று, துறைமுகத்தில் சோதிக்கிற அலுவலகம் இன்னொன்று. இரண்டு பேரின் எழுத்தையும் கையில் வாங்கிக்கொண்டு சரக்கை ஏற்றுங்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் வேலை முடிந்தது என்று இருப்பது

2010 ஆகஸ்டில் வறட்சியும் காட்டுத்தீயும் விளைச்சலை அழித்தபோது, ரஷ்யா பத்தே நாள் அறிவிப்பில் ஏற்றுமதியை நிறுத்தியது. இந்தியா 2022-இல் அந்த அவகாசமும் கொடுக்கவில்லை. மே 12 அன்று ஏற்றுமதியைப் பெருக்க ஒன்பது நாடுகளுக்கு வணிகக் குழு அனுப்பப்போவதாக அரசு அறிவித்தது. மே 13 அன்று தடை உத்தரவு வந்துவிட்டது. மார்ச் மாத வெயிலில் பயிர் காய்ந்து விளைச்சல் குறைந்திருந்தது, உள்நாட்டு விலை ஏறிக்கொண்டிருந்தது. அரசுகள் கேட்கும் சரக்குக்குத் தனி அனுமதி வைத்தார்கள். தனியார் ஒப்பந்தங்களில், அந்தத் தேதிக்குள் மாற்ற முடியாத எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) திறந்திருந்தவற்றை மட்டும் அனுப்ப விட்டார்கள். சுங்கச் சோதனைக்கு ஏற்கெனவே ஒப்படைத்துப் பதிவான சரக்குக்குச் சில நாள் கழித்துத் தளர்வு கிடைத்தது. ஒப்பந்தம் மட்டும் போட்டு, எல்.சி.யை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தவர்களுக்கு வழி அடைபட்டது.

அதனால் என்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் வழக்கம்: ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்த அன்றே எல்.சி. விண்ணப்பம் வங்கிக்குப் போக வேண்டும். ஏற்றுமதி தடைபட்டால் என்ன என்று ஒப்பந்தத்தில் சொல்லும் தடை விதியை முதல் முறை படிக்கும் நாள், தடை வந்த நாளாக இருக்கக் கூடாது. ஏற்றும் காலத்தை நீட்டிக்க யாருக்கு உரிமை, எத்தனை நாள் கழித்து ஒப்பந்தம் ரத்தாகும் என்று அதில் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தை மடித்து அடையாளம் வைத்துவிட்டுத்தான் கோப்பை மூடச் சொல்கிறேன்.