தை மாதத்துப் பச்சை மொச்சையில் பிதுக்குப் பருப்புக் குழம்பு: முதல்முறை செய்பவர்களுக்கு

மார்கழி பாதி கடந்துவிட்டால் எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சந்தைகளில் மொச்சைக்காய் வாசம் அடிக்கத் தொடங்கிவிடும். காயைத் தொட்ட விரலில் எண்ணெய்ப் பசைபோல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் எளிதில் போகாது. அந்தப் பசையும் வாசமும் இருக்கும் காயில்தான் பிதுக்குப் பருப்புக் குழம்பு செய்ய வேண்டும்.

நாட்டு மொச்சை பகல்பொழுது குறையத் தொடங்கிய பிறகே பூக்கும். ஆடிப் பட்டத்தில் கேழ்வரகோடு ஊடுபயிராக விதைத்தாலும் பனி இறங்கும் மார்கழி, தை மாதங்களில்தான் காய் கொட்டும். எந்த மாதத்திலும் காய்க்கும் ரகங்களும் இப்போது வந்துவிட்டன. ஒருமுறை ஆனியில் வாங்கிச் செய்து பார்த்தேன். குழம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அது மொச்சைக் குழம்பு என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஊறிய கொட்டையைத் தோலிலிருந்து பிதுக்கி எடுப்பதால் இந்தப் பெயர். ஓசூரைத் தாண்டினால் கன்னடத்தில் ‘ஹிதகித பேளே’ என்பார்கள். சித்தூர்ப் பக்கம் தெலுங்கில் ‘பிதிகின பப்பு’. எல்லாமே பிதுக்கிய பருப்புதான்.

சமைக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் முதல் நாள் மாலையே வேலையைத் தொடங்க வேண்டும். சனிக்கிழமை மாலை உரித்து, இரவு ஊறவைத்து, ஞாயிறு காலை பிதுக்கி, மதியம் குழம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை (நான்கு பேருக்கு)

பச்சை மொச்சைக்காய் 1 கிலோ, சின்ன வெங்காயம் 15, நாட்டுத் தக்காளி 2, பிஞ்சுக் கத்திரிக்காய் 4, பூண்டு 8 பல், விரல் நுனியளவு இஞ்சி, கடலை எண்ணெய் 3 மேசைக்கரண்டி, கடுகு, கறிவேப்பிலை, கொத்தமல்லித் தழை, உப்பு.

வறுத்து அரைக்க: மல்லி விதை 2 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 6, சீரகம் 1 தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, கிராம்பு 2, சிறு துண்டு பட்டை, கசகசா 1 தேக்கரண்டி, கால் மூடித் தேங்காய்த் துருவல்.

1. காய் வாங்குதல்

உழவர் சந்தைக்கு விடியற்காலையில் போனால் பனி ஈரம் காயாத காய் கிடைக்கும். காயின் வயிறு புடைத்திருக்க வேண்டும், ஓடு பச்சையாக இருக்க வேண்டும். ஓடு மஞ்சளாகிச் சுருங்கியிருந்தால் கொட்டை முற்றிவிட்டது. தோல் எளிதில் கழலாது. தட்டையாக இருந்தால் பிஞ்சு, பிதுக்கும்போது கூழாகிவிடும். ஓட்டில் ஊசித் துளை தெரிந்தால் உள்ளே புழு குடியிருக்கிறது என்று பொருள். கிலோவுக்கு இரண்டு மூன்று அப்படி வரத்தான் செய்யும், அதற்காகக் கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம்.

சில இடங்களில் உரித்த கொட்டையையே விற்பார்கள். அவசரத்துக்கு வாங்கலாம், தவறில்லை. ஆனால் என்று உரித்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. உரித்து ஊறவைத்தல்

ஒரு கிலோ காயை உரித்தால் சுமார் 400 கிராம் கொட்டை கிடைக்கும். கழுவி, கொட்டைக்கு மேல் நான்கு விரற்கடை நிற்கும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். பனிக்கால இரவில் எட்டு மணி நேரம் போதும். சீக்கிரம் ஊறட்டும் என்று வெந்நீர் ஊற்றினால் கொட்டையின் வெளிப்பகுதி வெந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

அதிகம் ஊறினாலும் ஆபத்துதான். ஒரு பொங்கலன்று மாலை ஆறு மணிக்கு ஊறப்போட்டுவிட்டு உறவினர் வீட்டுக்குப் போனேன். பேச்சு நீண்டது, அங்கேயே தங்கிவிட்டோம். மறுநாள் மதியம் வந்து பார்த்தால் பாத்திரத்தில் நுரை கட்டி, புளித்த மாவு வாடை. இரண்டு கிலோ காயின் உழைப்பு முழுவதும் குப்பைக்குப் போனது. வெளியே போக நேர்ந்தால் தண்ணீரை வடித்துவிட்டு, கொட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போங்கள்.

3. பிதுக்குதல்

புதியவர்கள் மிரள்வது இந்தக் கட்டத்தில்தான். ஊறிய கொட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு விளிம்பில் தடித்த வெள்ளைக் கோடு இருக்கும். அந்தப் பக்கம் தோல் கெட்டி. அங்கே அழுத்திப் பயனில்லை. கோட்டுக்கு எதிர் விளிம்பில் நகத்தால் லேசாகக் கீறுங்கள். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, கோட்டுப் பக்கத்திலிருந்து கீறல் பக்கமாகத் தள்ளுங்கள். பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும், வெற்றுத்தோல் விரலில் நிற்கும். பத்துப் பதினைந்து கொட்டை ஆனதும் கீறல்கூடத் தேவைப்படாது, அழுத்தினாலே போதும்.

கையைப் பாத்திரத்துக்குள் தாழ்த்தி வைத்துப் பிதுக்குங்கள். உயரத்தில் பிதுக்கினால் பருப்பு துள்ளி அடுப்புக்கடியில் போய்விடும். எங்கள் வீட்டில் பிள்ளைகளை இந்த வேலைக்கு உட்கார வைப்பதுண்டு. எவர் பருப்பு தூரம் போகிறது என்று போட்டி வந்துவிடும், வேலை பாதியில் நிற்கும்.

பிதுங்க மறுக்கும் கொட்டைகளை இன்னும் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். கூழாகும் பிஞ்சுகளைத் தனியே ஒதுக்கி, தோலோடு கத்திரிக்காய்ப் பொரியலில் சேர்த்துவிடலாம். ஓட்டையும் தோலையும் மாடு விரும்பித் தின்னும். ஒன்று நினைவிருக்கட்டும்: பச்சைக் கொட்டையை வாயில் போட்டுப் பார்க்காதீர்கள், மொச்சையை நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

4. மசாலா

மல்லி, மிளகாய், சீரகம், மிளகு, சோம்பு, பட்டை, கிராம்பு ஆகியவற்றைச் சிறு தீயில் வறுங்கள். மல்லி நிறம் மாறி வாசம் எழுந்ததும் கசகசாவைப் போட்டு உடனே இறக்கிவிடுங்கள். வாணலியின் சூடே அதற்குப் போதும். ஆறியதும் தேங்காய், ஐந்து சின்ன வெங்காயம், பூண்டில் பாதி, இஞ்சி சேர்த்துத் தண்ணீர் தெளித்து நைசாக அரையுங்கள்.

பட்டையும் கிராம்பும் இதற்கு மேல் வேண்டாம். கல்யாணமான புதிதில் நான் கை தாராளமாக அள்ளிப் போட்டபோது மாமியார் திட்டவில்லை. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “கறிக்குழம்பு நன்றாக இருக்கிறது, மொச்சைக் குழம்பு எங்கே?” என்று கேட்டார். அதோடு என் கை சுருங்கிவிட்டது.

5. குழம்பு

அடி கனமான சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, மீதி வெங்காயத்தையும் பூண்டையும் வதக்குங்கள். வெங்காயம் பொன்னிறமானதும் நறுக்கிய தக்காளியில் ஒன்றைச் சேர்த்துக் குழைய விடுங்கள். அரைத்த விழுதைப் போட்டு, எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை கிளறுங்கள். அவசரப்பட்டால் பச்சை வாசம் கடைசிவரை நிற்கும்.

இப்போது பருப்பைச் சேர்த்து மூன்று கோப்பை தண்ணீர் ஊற்றுங்கள். கொதி வந்ததும் மேலே கட்டும் நுரையை எடுத்துவிட்டு, தீயைக் குறைத்து, அரை மூடி போட்டு வேகவிடுங்கள். குக்கர் வேண்டவே வேண்டாம். ஒரு விசில் வந்தாலும் பருப்பு கரைந்து கடைசலாகிவிடும். பத்து நிமிடம் கழித்துக் கத்திரிக்காயை நான்காகக் கீறிப் போட்டு உப்புச் சேருங்கள். இரண்டாவது தக்காளியும் அப்போதுதான். புளிப்பு முன்கூட்டியே அதிகம் சேர்ந்தால் பருப்பு வேக நேரமாகும்; அதனால்தான் தக்காளியை இரண்டாகப் பிரித்தோம்.

இன்னும் பத்து நிமிடத்தில் ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். வெண்ணெய்போல் நசுங்க வேண்டும், சட்டியில் இருப்பவை முழுசாக இருக்க வேண்டும். கொத்தமல்லித் தழை தூவி இறக்கிவிடுங்கள். இறக்கும்போது கொஞ்சம் நீர்க்க இருப்பதே சரி, ஆற ஆறத் தானாக இறுகும்.

எங்கள் பக்கத்தில் இதற்குத் துணை கேழ்வரகுக் களி. உருண்டையின் நடுவே குழி செய்து குழம்பை ஊற்றிக்கொள்வோம். களி பழக்கமில்லாதவர்களுக்குச் சோறு. மறுநாள் காலை மிஞ்சியதில் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சூடாக்கினால் தோசைக்கு ஆகும்.

காய் மலிவாகக் கிடைக்கும் வாரத்தில் இரண்டு கிலோவாக வாங்கி, பிதுக்கிய பருப்பில் பாதியை ஈரம் துடைத்து ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். இன்னொரு பிடியைத் துணியில் பரப்பி ஒரு மணி நேரம் உலரவிட்டு, காய்ந்த எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, சூட்டோடு உப்பும் மிளகாய்த்தூளும் தூவுங்கள். டப்பாவில் போட்டு மூடுவதற்குள் தீர்ந்துபோனால் நான் பொறுப்பல்ல.