ஃபின்னிஷை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள்: ஃபின்லாந்துக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்களுக்கு

ஃபின்லாந்தில் ஆங்கில வழியில் முதுகலை படிப்பவர் ஒரு ஃபின்னிஷ் சொல்கூடத் தெரியாமல் பட்டம் வாங்கிவிடலாம். பகுதிநேர வேலை, இன்டர்ன்ஷிப் என்று தேட ஆரம்பிக்கும்போதுதான் கதவுகள் மூடியிருப்பது தெரியும். பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், ஃபின்னிஷிலோ ஸ்வீடிஷிலோ தேசிய மொழித் தேர்வின் 3-ஆம் நிலை, அதாவது ஐரோப்பிய அளவுகோலில் பி1 வேண்டும். அதனால் முதல் பருவத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

பல்கலைக்கழகத்தின் மொழி மையத்தில் 'சுவொமி 1' போன்ற தொடக்க வகுப்பு இருக்கும். பதிவு திறந்த அன்றே பெயர் கொடுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஃபின்லாந்துக் கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் சுமார் 27 மணி நேர உழைப்பு. 5 கிரெடிட் வகுப்புக்கு 135 மணி நேரம் வருகிறது. வகுப்பறையில் கழிவது அதில் ஒரு பங்குதான். மீதியை வீட்டில் போடாதவர்கள்தான் மூன்றாவது வாரத்தில் காணாமல் போகிறார்கள்.

முதலில் ஒலி. குறில், நெடில், இரட்டை மெய் என்ற வேறுபாடு நமக்குப் பிறவியிலேயே வந்தது. ஆங்கிலேயர்கள் இதற்கு மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். 'உன்னைச் சந்திக்கிறேன்' என்பதற்கு தபான். அதை தபன் என்று குறுக்கினால் 'கொல்கிறேன்' என்று ஆகிவிடும். அழுத்தம் எப்போதும் முதல் அசையில்.

நமக்கு அடி விழும் இடம் வேறு. தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் ஒற்றை க, த, ப தானாக மெலிந்துவிடும். ஃபின்னிஷில் மெலியக் கூடாது. 'குக' என்றால் யார், 'குக்க' என்றால் பூ. முதல் சொல்லைத் தமிழ் வழக்கப்படி 'குகன்' என்பதில் வருவதுபோல் மென்மையாகச் சொன்னால் தவறு. வலுவாக இருக்கட்டும் என்று அழுத்தினால் பூ ஆகிவிடும். வல்லினமாகவும் ஒற்றையாகவும் சொல்லப் பழக வேண்டும். 'தம்பெரெ' நகரின் பெயரில் வரும் 'ப' கூட 'தம்பி'யில் வருவதுபோல் அல்ல, 'பல்' என்பதில் வருவதுபோல். இதனால்தான் நோட்டில் ஃபின்னிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள் என்கிறோம். இங்கே எழுதியிருப்பது ஒரு அடையாளத்துக்கு மட்டும்.

ஆங்கிலத்தின் 'டி' (t) எழுத்து ஃபின்னிஷில் பல்லில் நாக்கு படும் 'த'. தலைமேல் இரண்டு புள்ளி வைத்த 'ஏ' எழுத்து, ஆங்கிலத்தில் 'ஆப்பிள்' என்ற சொல்லின் முதல் ஒலி. அதே புள்ளி வைத்த 'ஓ'வுக்கு உதட்டை ஒ-வுக்குக் குவித்துக்கொண்டு எ சொல்லுங்கள். 'ஒய்' எழுத்துக்கு உ-வுக்குக் குவித்து இ சொல்லுங்கள். இந்த மூன்றையும் தமிழ் எழுத்து காட்டாது; கண்ணாடி முன் நின்று தினம் ஐந்து நிமிடம் பழகினால் வந்துவிடும்.

இலக்கணத்தில் பதினைந்து வேற்றுமை என்று கேட்டு ஐரோப்பியர்கள் மிரளுவார்கள். எட்டு வேற்றுமை படித்து வளர்ந்தவர் மிரள வேண்டியதில்லை. தலொ என்றால் வீடு. தலொஸ்ஸ, வீட்டில். தலொஸ்த, வீட்டிலிருந்து. தலோன், வீட்டுக்குள். தலொன் தகன, வீட்டின் பின்னால். இங்கே 'பின்னால்' என்ற சொல் நிற்கும் இடம்கூட நம்முடையதுதான். 'என்னிடம் இருக்கிறது' என்பதற்கு மினுல்ல ஒன். 'நான் வைத்திருக்கிறேன்' என்று ஆங்கிலம் வழியாக யோசிக்கவே வேண்டாம். கேள்விக்கு நம் '-ஆ' போல வினையின் முடிவில் 'கொ' ஒட்டும். புஹுத்கொ சுவொமெஅ, ஃபின்னிஷ் பேசுவாயா? பதிலுக்கு 'ஆம்' தேவையில்லை. 'பேசுவேன்' என்பதுபோல் புஹுன் என்றால் போதும். மறுப்பிலும் இதே உறவுதான். பேசமாட்டேன், பேசமாட்டாய் என்பதில் மறுப்புச் சொல்தான் விகுதி ஏற்கிறது. ஃபின்னிஷிலும் என் புஹு, எத் புஹு என்று மறுப்புச் சொல்தான் மாறும். அது முன்னால் வரும், அவ்வளவுதான். அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்.

ஆனால் எல்லா இடத்திலும் தமிழை நம்பக் கூடாது. 'கடையில் வாங்கினேன்' என்று நினைத்து கௌபஸ்ஸ என்பார்கள். வாங்குவதும் கண்டெடுப்பதும் அங்கே 'இருந்து' வேற்றுமையில், கௌபஸ்த. காபி பிடிக்கும் என்பதற்கும் 'காபியிலிருந்து' தான். 'புத்தகத்தை வீட்டில் மறந்துவிட்டேன்' என்றால் வீட்டுக்குள் என்ற உருபு, கொதீன். ஆகவே வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். அது எந்த வேற்றுமையைக் கேட்கிறது என்பதையும் சேர்த்து ஒரு சிறு வாக்கியமாக எழுதி வையுங்கள்.

எல்லோரும் முட்டி நிற்கும் இடம் க், ப், த் மாற்றம். கடை கௌப்ப, கடையில் என்றால் ஒரு ப் போய் கௌபஸ்ஸ. துர்கு நகரம், துர்குவில் என்றால் க் முழுவதும் கழன்று துருஸ்ஸ. தெரு கது, தெருவில் என்றால் கடுல்ல. பலகையில் பார்த்த சொல்லை அகராதியில் தேடினால் கிடைக்காதது இதனால்தான். இணைய அகராதியான விக்சனரியின் ஆங்கிலப் பதிப்பில் உருபேற்ற வடிவத்தையே நேராகத் தேடலாம், மூலச் சொல்லுக்கு அதுவே கொண்டுபோகும்.

பெயர்ச்சொல் எதையும் மூன்று வடிவமாகக் குறித்துக்கொள்ளுங்கள்: எழுவாய், உடைமை, பகுதி வேற்றுமை. கது, கடுன், கதுஅ. தண்ணீருக்கு வெஸி, வெடென், வெத்த. உடைமை வடிவத்தில் கடைசி ன்-ஐ எடுத்துவிட்டால் மற்ற உருபுகளை ஒட்டும் அடி கிடைத்துவிடும். கடுன், கடு, கடுல்ல. 'உள்ளே' உருபுக்குப் பெரும்பாலும் பழைய வலிய மெய் திரும்பி வரும்: கதூன். எழுவாயை மட்டும் நெட்டுருப் போட்டவர்கள் இரண்டாம் பருவத்தில் சொற்கள் அத்தனையையும் மறுபடி படிக்கிறார்கள்.

பகுதி வேற்றுமைக்குத் தமிழில் நேர் இணை கிடையாது. தொடக்கத்துக்கு மூன்று விதி போதும். ஒன்றைத் தாண்டிய எண்ணுக்குப் பின் அது வரும். மறுப்பு வாக்கியத்தின் செயப்படுபொருளுக்கு வரும். முடியாத செயலுக்கு வரும். லுஎன் கிர்யா என்றால் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன், லுஎன் கிர்யன் என்றால் படித்து முடிப்பேன். எதிர்காலத்துக்குத் தனி வினைவடிவம் இல்லாத மொழியில் இந்த உருபுதான் பாதி வேலையைச் செய்கிறது.

வகுப்பில் நூறு மதிப்பெண் வாங்கியவருக்கும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பேச்சு புரியாது. மேடைத் தமிழும் தெருத் தமிழும் வேறாக இருப்பதுபோல் இங்கேயும் இரண்டு வழக்கு. 'நான் இருக்கிறேன்' பாடநூலில் மின ஒலென்; காதில் விழுவது ம ஓன். 'நாம் போகிறோம்' மெ மெனெம்மெ அல்ல, மெ மென்னான். இருபத்தைந்து கக்ஸ்க்யுத்வீஸ் என்று சுருங்கிவிடும். முதல் வாரத்திலிருந்தே நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: எழுதுவதற்கு ஒன்று, கேட்பதற்கு ஒன்று. பேசும்போது இரண்டில் எதைச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள்.

தினப் பயிற்சிக்கு, அரசு ஒலிபரப்பான யுலெ தரும் எளிய ஃபின்னிஷ் செய்தி கைக்கு அடக்கமானது. சில நிமிடம்தான், எழுத்து வடிவமும் உண்டு. ஒருமுறை கேளுங்கள், பிறகு படியுங்கள், மறுபடி கேட்டுக்கொண்டே கூடச் சொல்லுங்கள். நூலகங்களில் நடக்கும் மொழிக் காபி சந்திப்புகளுக்கு, அதாவது கூடி உட்கார்ந்து ஃபின்னிஷ் பேசிப் பழகும் நிகழ்ச்சிகளுக்கு, கட்டணம் கிடையாது.

பேச்சை சூப்பர்மார்க்கெட் கவுன்டரில் தொடங்கலாம், ஏனென்றால் உரையாடல் தினமும் ஒன்றே. மொய் என்று வணக்கம். அடுத்து ஹலுஅத்கொ குயிதின், ரசீது வேண்டுமா? வேண்டாமென்றால் எய் கீதொஸ் என்று முழுதாகச் சொல்லுங்கள். வெறும் கீதொஸ் என்றால் 'கொடுங்கள்' என்று எடுத்துக்கொண்டு ரசீதை நீட்டுவார்கள். காபிக் கடையில் சய்சிங்கொ யுஹ்டென் கஹ்வின், ஒரு காபி கிடைக்குமா? 'ப்ளீஸ்' என்பதற்குத் தனிச் சொல் தேட வேண்டாம், மரியாதை அந்த வினையிலேயே இருக்கிறது. பேராசிரியரையும் பெயர் சொல்லி ஒருமையில்தான் அழைப்பார்கள். நமக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் 'சார்' போட்டால் அவர்களுக்கு அதைவிடக் கூச்சம்.

உங்கள் உச்சரிப்பைக் கேட்டதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அது கிண்டல் அல்ல, உதவி. வொய்டாங்கொ புஹுஅ சுவொமெஅ, ஃபின்னிஷில் பேசலாமா என்று கேட்டால் பெரும்பாலோர் திரும்பி வருவார்கள், வேகத்தையும் குறைப்பார்கள்.

நேரம் குறிக்கும்போது மட்டும் கவனம். புவொலி என்றால் அரை, கொல்மெ என்றால் மூன்று. இரண்டும் சேர்ந்தால் மூன்றரை அல்ல, இரண்டரை. அடுத்த மணிக்கு அரை மணி பாக்கி என்ற கணக்கு. டாக்டர் சந்திப்போ வேலை நேர்காணலோ என்றால், 14.30 என்று இருபத்து நான்கு மணிக் கணக்கில் ஒருமுறை எழுதிக் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.