லண்டனில் பிள்ளைகளோடு ட்யூப் பயணம்: அட்டையைச் சரியாகத் தட்டுங்கள்

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து லண்டன் சுற்றும்போது, வீண் செலவு பெரும்பாலும் நிலையத்தின் டிக்கெட் கதவருகேதான் ஆகிறது. 11 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு ட்யூபில், அதாவது லண்டன் நிலத்தடி ரயிலில், கட்டணம் இல்லை. டிக்கெட் உள்ள ஒரு பெரியவருடன் நான்கு பிள்ளைகள் வரை போகலாம். அகலமான கதவு வழியே எல்லோரும் ஒன்றாக நுழையுங்கள்.

11 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் கவனம் வேண்டும். பணம் நிரப்பிப் பயன்படுத்தும் பயண அட்டையான ஆய்ஸ்டர் ஒன்றைத் தனியாக வாங்கி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ட்யூப் நிலைய ஊழியரிடம் போய் 'யங் விசிட்டர்' சலுகையைப் பதியச் சொல்லுங்கள். 14 நாள் வரை பாதிக் கட்டணம். அட்டை வாங்கினால் மட்டும் போதாது. பதியாவிட்டால் பெரியவர் கட்டணமே பிடிக்கும்.

வங்கி அட்டையைக் கதவிலுள்ள கருவியில் தட்டிக் கட்டணம் செலுத்தும் பெரியவர்கள் ஆளுக்கொரு அட்டை வைத்திருக்க வேண்டும். ஒரே அட்டையில் இருவர் போக முடியாது. நுழையும்போது போனையும் வெளியேறும்போது அட்டையையும் தட்டாதீர்கள். இரண்டும் ஒரே வங்கிக் கணக்கானாலும், அவை முடிவடையாத இரண்டு பயணங்களாகப் பதிந்து, இரண்டிலும் அதிகபட்சக் கட்டணம் போய்விடும். ஒரு நாளில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பிடிக்காத நாள் உச்சவரம்புச் சலுகையும் ஒரே அட்டையைத் தொடர்ந்து தட்டினால்தான் கிடைக்கும்.

தள்ளுவண்டிக் குழந்தை இருந்தால் எலிசபெத் லைன் என்ற ரயில் தடமே நிம்மதி, எல்லா நிலையங்களிலும் படியில்லா வழி உண்டு. பழைய ட்யூப் நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது.