பூண்டு உரிக்கிற கைக்கு ஒரு போன்

"அக்கா, ஓடிபி வரமாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டுதான் பாதிப்பேர் என் கடைப்படி ஏறுவார்கள். கொடைக்கானல் மலையில், பூம்பாறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ். பட்டா எடுப்பது, கரண்ட் பில் கட்டுவது, பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் பதிவது என்று வேலை நீளும். ஒரு நாளைக்கு இருபது பேர் போனாவது என் கைக்கு வந்துபோகிறது. எது எங்கே மக்கர் பண்ணும் என்பது அப்படிப் பழகியதுதான். இப்போது புது போன் வாங்கக் கீழே வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறும் முன்பு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன் பெயரைக் கேட்டு வராதீர்கள். "பத்தாயிரத்துக்குள் நல்ல போன் எது?" என்றால் எனக்குப் பதில் தெரியாது. யாருக்கு, எந்த இடத்தில் நின்று பேச, எதற்கு என்று சொன்னால் தெரியும். போன வருடம் என் சித்திக்கு வாங்கினோம். திருப்பூரில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேச வேண்டும். வடுகபட்டி மண்டியில் இருந்து பூண்டு விலையை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அதைப் பார்க்க வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும். வேலை செய்யும்போது ரேடியோ பாட வேண்டும். அவ்வளவுதான். சித்தி கையில் இருந்தது பத்தாயிரம்.

அந்தப் பத்தாயிரத்தில் போனுக்கு ஒன்பதாயிரம்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மேல் கவர், டெம்பர்ட் கிளாஸ் இரண்டும் கட்டாயம். கல்லும் படிக்கட்டுமாக இருக்கிற ஊரில் போன் விழாமல் இருக்காது. இப்போது பல பெட்டிகளில் சார்ஜர் வைப்பதில்லை, ஒயர் மட்டும்தான் இருக்கும். பணம் கொடுக்கும் முன்பே "உள்ளே சார்ஜர் இருக்கா?" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தபின் கேட்டுப் பயனில்லை.

அடுத்தது சிக்னல். கீழே இருப்பவர்கள் இதைக் கடைசியில் யோசிக்கலாம், நாம் முதலில் யோசிக்க வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கோடு வரும், அடுப்படிக்குப் போனால் ஒன்றும் இருக்காது, காட்டில் ஒரு பாறை மேல் ஏறினால் நாலு கோடு. எனவே போனுக்கு முன்பு சிம்மை முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் போனை வாங்கி, நீங்கள் அதிகம் இருக்கும் இடத்தில் நின்று யாரையாவது கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். வீட்டில் ஒன்று, தோட்டத்தில் ஒன்று, ஆக இரண்டு இடம்.

இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. டவரில் இருந்து வரும் அலை பல வகை. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், சுவரையும் மரத்தையும் ஓரளவு தாண்டும். 2300, 3500 மெகாஹெர்ட்ஸில் வேகம் நிறைய, ஆனால் ஒரு மேடு குறுக்கே வந்தால் அடங்கிவிடும். பிஎஸ்என்எல் தன் 4ஜிக்கு 700ஐயும் 2100ஐயும் வைத்திருக்கிறது. போன் விவரத்தில் 700க்குப் 'பேண்ட் 28' என்று போட்டிருப்பார்கள். பிஎஸ்என்எல் சிம்தான் என்றால் 4ஜி பட்டியலில் 28 இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஜியோ 4ஜிக்குப் பேண்ட் 5, 3, 40. இந்த எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போனால் போதும், கடைக்காரத் தம்பியே போனின் விவரத்தைத் தேடிக் காட்டிவிடுவார்.

5ஜி வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் வாசலில் 5ஜி வருகிறதென்றால் வாங்குங்கள். வராத இடத்தில் அதற்காகக் கூடுதலாக ஆயிரம் கொடுப்பதைவிட அந்தக் காசில் மெமரி கூடிய போனை எடுக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. ஜியோ 5ஜி தனியாகவே ஓடுவது. ஏர்டெல் தொடங்கியபோது தன் 4ஜியின் தோளில் ஏற்றி ஓட்டியது. ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 என்ற சிப் போட்ட மலிவு 5ஜி போன்கள் முதல் வகையை மட்டுமே பிடிக்கும். உங்கள் இடத்தில் ஏர்டெல் இன்னும் அப்படியே ஓட்டினால், ஏர்டெல் சிம் வைத்திருப்பவர் அந்த போனை வாங்கினால் பெட்டியில்தான் 5ஜி இருக்கும்.

சிம் போடும் தட்டையும் இழுத்துப் பாருங்கள். மலையில் பாதிப்பேர் இரண்டு சிம் வைத்திருக்கிறோம், ஒன்று மேலே எடுக்கும், ஒன்று கீழே எடுக்கும். சில போன்களில் இரண்டு சிம் போட்டால் மெமரி கார்டுக்கு இடம் இருக்காது. மூன்று பள்ளம் உள்ள தட்டு இருந்தால் நல்லது.

இனி என் கடையில் நான் தினமும் பார்க்கும் நோய். போன வாரம் ஒரு அண்ணன் வந்தார். 32 ஜிபி போன். ஓடிபி வரவில்லை என்றார். வந்துதான் இருந்தது, மெசேஜ் திறக்கவே ஒரு நிமிடம் பிடித்தது, அதற்குள் ஓடிபியின் நேரம் முடிந்துவிட்டது. உள்ளே பார்த்தால் 300 எம்பி கூட மீதி இல்லை. பூ, விளக்கு, சாமி படம் போட்ட காலை வணக்கம் மட்டும் ஆயிரத்துச் சொச்சம். கல்யாண வீடியோ பதினொன்று. ஒவ்வொன்றையும் அவரிடம் கேட்டுக் கேட்டு அழித்தோம். "இது என் மச்சினன் அனுப்பினது, இருக்கட்டும்மா" என்று மூன்று முறை சொன்னார். போனைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை, அதற்கு மூச்சுவிட இடமில்லை.

ஆகவே 128 ஜிபி. பட்ஜெட் ரொம்ப இடித்தால் 64, அதற்குக் கீழே இறங்க வேண்டாம். ஆண்ட்ராய்டே அதில் கணிசமான இடத்தை எடுத்துக்கொள்ளும். ரேம், அதாவது ஆப்கள் ஓடும்போது பிடிக்கும் இடம், 4 ஜிபியாவது வேண்டும், 6 கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். இங்கேதான் ஒரு வித்தை காட்டுவார்கள். பெட்டி மேல் பெரிதாக '8 ஜிபி' என்று இருக்கும், கீழே எறும்பு எழுத்தில் '4+4'. பின்னால் உள்ள 4 நிஜ ரேம் இல்லை, சேமிப்பு இடத்தில் இருந்து கடன் வாங்குவது. சித்திக்கு வாங்கியபோது கடைப் பையன் "எட்டு ஜிபிம்மா" என்றான். செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். 4 என்று இருந்தது. அவனும் சிரித்துவிட்டான்.

விரல் ரேகை. இதை எந்த விளம்பரத்திலும் சொல்லமாட்டார்கள். பூண்டு உரிப்பவர்கள், உருளை தோண்டுபவர்கள் விரலில் ரேகை தேய்ந்திருக்கும். சித்தி கட்டைவிரலைப் பார்த்தால் பூண்டுச் சாறு பட்டுப் பட்டுத் தோல் வழவழவென்று பளபளக்கும், ஓரத்தில் வெடிப்பு. ரேஷன் கடை மிஷினிலேயே நாலு தடவை வைக்க வேண்டியிருக்கிறது. கடையிலேயே அவர் விரலைப் பதிந்து பத்து தடவை திறந்து பார்த்தோம். முதல் போனில் மூன்று தடவைதான் திறந்தது. பக்கவாட்டு பட்டனில் சென்சார் வைத்த இன்னொன்றில் ஏழு தடவை. அதை எடுத்தோம். சுண்டுவிரல் அவ்வளவாகத் தேயாது, அதையும் சேர்த்துப் பதிந்துவிடுங்கள். ஒரே விரலை இரண்டு முறை பதிவதும் உதவும். யாருக்கு வாங்குகிறீர்களோ அவரைக் கூட்டிப்போங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

குளிர். மார்கழி, தை மாதக் காலையில் போன் 20 சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடும். "பேட்டரி போச்சு" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து போட்டால் ஓடும். குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேலை மந்தமாகி வோல்டேஜ் இறங்குவதால் வருவது இது. அடுப்புப் பக்கம் வைத்துச் சூடேற்றாதீர்கள், சட்டைக்குள் போட்டால் போதும். 5000 எம்ஏஎச் பேட்டரி இப்போது மலிவு போனிலும் வருகிறது, அதற்குக் குறைவாக வாங்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கரண்ட் வந்த கொஞ்ச நேரத்தில் ஏற வேண்டும், அதனால் 10 வாட்டை விட 18 வாட் சார்ஜிங் மேல்.

மஞ்சுக்கும் சாரலுக்கும் ஐபி எண்ணைப் பார்க்கலாம். ஐபி54 என்றால் தூசி ஓரளவு, தெறிக்கும் தண்ணீர் ஓரளவு தாங்கும். தொட்டியில் விழுந்தால் தாங்காது. தண்ணீர் புகுந்த போனுக்கு வாரன்டி பெரும்பாலும் கிடையாது. நனைந்தால் சார்ஜ் போடாமல் முதலில் அணைத்துவிடுங்கள்.

கேமராவுக்கு ஒரே ஒரு சோதனைதான் வைத்திருக்கிறேன். 50 மெகாபிக்சல், மூன்று கண் எல்லாம் இருக்கட்டும். கடையிலேயே விளக்கு வெளிச்சத்தில் உங்கள் ஆதார் கார்டைப் படமெடுத்து, விரலால் பெரிதாக்கி, எண்ணைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் போதும். பார்த்த கையோடு படத்தை அழித்துவிடுங்கள், அது கடை போன். திரையையும் அப்படியே வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பாருங்கள்.

அப்புறம் ரேடியோ. சிரிக்காதீர்கள், எங்கள் ஊரில் இது பெரிய விஷயம். கொடைக்கானல் எஃப்எம் 100.5 நெட் இல்லாமல் பாடும், சிக்னல் போன நாளிலும் பாடும். ஆனால் போனில் ரேடியோ வேலை செய்ய ஒயர் ஹெட்செட் சொருக வேண்டும், அந்த ஒயர்தான் ஏரியல். வட்டமான 3.5 எம்எம் துளை இருக்கிறதா, உள்ளே எஃப்எம் ஆப் இருக்கிறதா, இரண்டையும் பாருங்கள். துளை இருந்தும் ரேடியோ இல்லாத போன்கள் உண்டு.

ஆண்ட்ராய்டு அப்டேட் எத்தனை வருடம் என்றும் கேளுங்கள். ரொம்பப் பழைய ஆண்ட்ராய்டில் பேங்க் ஆப்கள் ஒவ்வொன்றாகத் திறக்காமல் போகும். இரண்டு வருடத்துக்கு முந்தைய மாடலைத் தள்ளுபடியில் கொடுத்தால், மீதி எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய போன் வாங்குவதைப் பற்றி எனக்கே சூடு பட்ட கதை உண்டு. என் தம்பிக்காகக் கீழே ஒரு கடையில் நாலாயிரத்துக்கு ஒன்று வாங்கினேன். பளபளவென்று இருந்தது. வீட்டில் வந்து ரீசெட் செய்தால் முன்னால் வைத்திருந்தவருடைய கூகுள் கணக்கைக் கேட்டது. கடைக்காரரைக் கூப்பிட்டால் போனை எடுக்கவே இல்லை. அதனால் கடையிலேயே ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் கணக்கைப் போட்டுத் திறந்த பிறகு காசு கொடுங்கள். *#06# அடித்தால் ஐஎம்இஐ எண் வரும், அது அந்த போனுக்கே உரிய அடையாள எண். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்தை அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422க்கு மெசேஜ் அனுப்பினால் அந்த போனின் விவரம் வரும். திருட்டுப் பட்டியலில் உள்ளதென்றால் அதிலேயே தெரியும். பில் இல்லாத போனைத் தொடவே வேண்டாம்.

தவணையில் வாங்குகிறவர்கள் மாதம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்போம் என்று கேளுங்கள். 'வட்டி இல்லை' என்பார்கள், பிராசஸிங் கட்டணம் தனியாக வரும். தவணை தவறினால் போனையே பூட்டிவிடும் ஆப் சிலவற்றில் இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டர் திண்டுக்கல்லில் இருக்கிறதா, மதுரைக்குப் போக வேண்டுமா என்பதும் விலையில் சேர்ந்ததுதான். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும்.

புது போன் வாங்கியதும் பழையதை உடனே பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். வாட்ஸ்அப், போட்டோ, நம்பர் எல்லாம் மாறியபிறகு கொடுக்கலாம். ஆதாரிலும் பேங்கிலும் கொடுத்திருக்கும் நம்பர் எந்த சிம் என்று பார்த்து அதைப் புது போனில் போடுங்கள். இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள், அப்போதுதான் கூட்டம் குறையும். வரும்போது இரண்டும் முழு சார்ஜில் இருக்கட்டும்.