டெர்மினலில் இருந்தபடியே சொற்களை மொழிபெயர்ப்பது எப்படி?

ஒரு சொல்லுக்குப் பொருள் தேடி பிரவுசரைத் திறந்தால், கைவேலை அங்கேயே நின்றுவிடுகிறது. டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டிக் கணினியை இயக்கும் சாளரம்) வேலை செய்பவர்களுக்கு டிரான்ஸ்லேட்-ஷெல் என்ற இலவச மென்பொருள் போதும்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளைப் பயன்படுத்துங்கள். குறிகளும் இடைவெளிகளும் இங்குள்ளபடியே இருக்கட்டும்.

1. நிறுவுதல்

உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளின் பயனர்களுக்கு:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டிரான்ஸ்லேட்-ஷெல்

மேக்கில் ஹோம்ப்ரூ (மென்பொருள் நிறுவும் கருவி) இருந்தால்:

ப்ரூ இன்ஸ்டால் டிரான்ஸ்லேட்-ஷெல்

நிறுவியபின் அழைக்கும் பெயர் சுருக்கமானது: டிரான்ஸ் (டி, ஆர், ஏ, என், எஸ்).

2. முதல் சொல்

டிரான்ஸ் :டிஏ வாட்டர்

டி, ஏ இரண்டும் சேர்ந்தது தமிழின் குறியீடு; தமிழ் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் முதல் இரண்டு எழுத்துகள். முன்னால் உள்ள முக்காற்புள்ளியை விட்டுவிடாதீர்கள். எந்த மொழிக்கு மாற்றுவது என்பதை அதுதான் சொல்கிறது. இந்திக்கு எச்ஐ, பிரெஞ்சுக்கு எஃப்ஆர். இரண்டு மொழிகள் ஒன்றாக வேண்டுமானால் :டிஏ+எச்ஐ என்று கூட்டல் குறியால் இணைக்கலாம்.

3. மூல மொழியைச் சொல்லுங்கள்

மூல மொழியைச் சொல்லாவிட்டால் மென்பொருள் ஊகிக்கும். நீண்ட வாக்கியத்தில் ஊகம் பெரும்பாலும் பலிக்கும். தனிச்சொல்லில் அதை நம்ப வேண்டாம். 'காயின்' என்பதன் நான்கு எழுத்துகள் ஆங்கிலத்தில் நாணயம். அதே எழுத்துகள் பிரெஞ்சில் மூலை. பிரெஞ்சுச் சொல்தான் என்றால்:

டிரான்ஸ் எஃப்ஆர்:டிஏ காயின்

4. மேற்கோள் குறி

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. பல சொற்களை வெறுமனே எழுதினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக மொழிபெயர்க்கப்படும். வாக்கியமாக வேண்டுமானால் மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும். ஒற்றை மேற்கோளே நல்லது. இரட்டை மேற்கோளுக்குள் ஆச்சரியக்குறி வந்தால், பாஷ் (டெர்மினலில் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) அதைப் பழைய கட்டளையைத் தேடச் சொல்வதாக எடுத்துக்கொண்டு பிழை காட்டக்கூடும். வாக்கியத்திலேயே ஆங்கில அப்பாஸ்ட்ரஃபி இருந்தால் மட்டும் இரட்டைக்கு மாறுங்கள்.

5. சுருக்க விடை

டிரான்ஸ் -பி :டிஏ வாட்டர்

பி என்பது 'பிரீஃப்' (சுருக்கம்) என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. இது ஒரே வரியில் விடை தரும். ஸ்கிரிப்ட்டுக்கு (கட்டளைகளைத் தொகுத்து எழுதிய கோப்பு) ஏற்றது. சொல்லின் பொருளை அறிய வேண்டுமானால் இதைத் தவிர்த்துவிடுங்கள். பெயர்ச்சொல், வினைச்சொல் என்று பிரித்துக் காட்டும் முழு விடையில்தான் சரியான பொருள் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

6. கோப்பு முழுவதும்

வரிக்கு ஒரு சொல்லாக ஒரு கோப்பில் எழுதி, -ஐ ('இன்புட்' என்பதன் முதலெழுத்து) என்ற விருப்பத்துடன் அதன் பெயரைக் கொடுங்கள். விடையை வேறொரு கோப்பில் சேமிக்க -ஓ ('அவுட்புட்' என்பதன் முதலெழுத்து) என்று தந்து அதன் பெயரைக் கொடுங்கள். பல டெர்மினல்கள் எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் அடுக்குவதால், தமிழில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியலாம். விடை சிதைந்துவிட்டது என்று பதற வேண்டாம். சேமித்த கோப்பை உரைத்திருத்தியில் திறந்தால் ஒழுங்காக இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் தரும் உரை உங்கள் கணினியிலேயே தங்குவதில்லை. இயல்பாக அது கூகுள் டிரான்ஸ்லேட்டுக்குப் போகிறது. அலுவலக ரகசியங்களை இதில் போடாதீர்கள். பெரிய பட்டியலை ஒரே மூச்சில் அனுப்பினால் அந்தச் சேவை பதில் தர மறுக்கலாம். சிறு பகுதிகளாக அனுப்புங்கள், அல்லது -இ பிங் என்று சேர்த்து ('எஞ்சின்' என்பதன் முதலெழுத்து இ) பிங் என்ற வேறு சேவைக்கு மாறுங்கள்.

இணையமே வேண்டாம் என்றால் டெர்மினலில் இயங்கும் எஸ்டிசிவி என்ற அகராதி மென்பொருள் இருக்கிறது. ஸ்டார்டிக்ட் என்ற அகராதிக் கோப்பு வடிவத்தில் உள்ள அகராதிகளை இறக்கி வைத்துக்கொண்டால் அவற்றில் தேடித் தரும். அது அகராதி மட்டுமே; வாக்கியங்களை மொழிபெயர்க்காது.