மொட்டை மாடி ரேடியோ தொலைநோக்கி: இடமும் பார்வை எல்லையும் கணக்கிடுவது எப்படி?

தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு மொட்டை மாடி, 1 மீட்டர் கம்பிவலை டிஷ், 1420 மெகாஹெர்ட்ஸில் (அலைநீளம் 21 செ.மீ.) விண்வெளி ஹைட்ரஜன் வாயு விடும் ரேடியோ அலை. இதை வைத்துத்தான் எழுதுகிறேன். ரிசீவரும் ஆம்ப்ளிஃபையரும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: இடம். போன் மேப்பில் மாடியின் மேல் விரலை அழுத்தினால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வந்துவிடும். எங்களுக்கு 10.99 வடக்கு, 76.84 கிழக்கு. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் தாராளம். இரண்டாவது இலக்கம் ஒன்று மாறினால் தரையில் சுமார் 1 கிலோமீட்டர்தான். 21 செ.மீ. அலைக்கு 1 மீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலமே, அதாவது ஒரே நேரத்தில் அது பார்க்கும் வானத்தின் அகலமே, ஏறக்குறைய 15 டிகிரி என்பதால் இது பொருட்டல்ல.

படி 2: உண்மையான வடக்கு. நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். போன் காம்பஸை நம்பாதீர்கள். நம் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் வித்தியாசம் சொற்பம். ஆனால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் முறுக்குக்கம்பி ஊசியை இழுத்துவிடும். ஒரு கம்பியை நட்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டு வைத்து செங்குத்தாக்குங்கள். சூரியன் உச்சிக்கு வரும்போது விழும் நிழல்தான் வடக்கு தெற்குக் கோடு. அந்த உச்சி நேரம் 12 மணி அல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வகுத்தது. டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் நாம் 22, 23 நிமிடம் பிந்துகிறோம். அதற்கு மேல் பருவத்துக்கேற்ற மாற்றமும் உண்டு: நவம்பர் தொடக்கத்தில் 12:06, பிப்ரவரி நடுவில் 12:37. ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளில் அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: டிஷ்ஷைப் பொருத்துதல். தொடக்கத்தில் மோட்டார் வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. டிஷ்ஷை வடக்கு தெற்குக் கோட்டில் நிறுத்தி, ஏற்றக்கோணத்தை (அடிவானிலிருந்து எத்தனை டிகிரி மேலே என்பதை) மட்டும் மாற்றுங்கள். கிழக்கு மேற்கைப் பூமியே சுற்றிக் காட்டும். ஊட்டி முத்தோரையில் 1970-ல் அமைந்த ரேடியோ தொலைநோக்கியைப் பாருங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் அட்சரேகை அளவுக்கே, அதாவது சுமார் 11 டிகிரி, சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்து அதில் வடக்கு தெற்காக அமைத்தார்கள். நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டதால், அந்த ஒரே அச்சில் திருப்பி ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடர முடிகிறது.

கோணமானியை டிஷ்ஷின் முகத்தில் வைத்து அளக்கலாம். பழைய டிடிஎச் டிஷ் என்றால் மட்டும் கவனம்: அது ஆஃப்செட் வகை, முகம் காட்டும் திசைக்கும் உண்மையில் பார்க்கும் திசைக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும்.

படி 4: எல்லை. வடக்கிலும் தெற்கிலும் மரம், தண்ணீர்த் தொட்டி அடிவானிலிருந்து எத்தனை டிகிரி உயரம் தெரிகின்றன என்று அளந்து, அதோடு ஒரு பார்வை அகலத்தைக் கூட்டுங்கள். தரையும் மரமும் சுமார் 300 கெல்வின் வெப்பத்தில் ரேடியோ இரைச்சல் விடுபவை. ஓரமாகப் புகுந்தாலும் ஹைட்ரஜன் அமுங்கிவிடும். எங்களுக்குத் தெற்கே தென்னை 12 டிகிரி, ஆக எல்லை 27. வெள்ளியங்கிரி மலை மேற்கே மறைப்பது இந்த முறையில் பொருட்டே இல்லை.

வடக்கு தெற்குக் கோட்டைக் கடக்கும்போது ஒரு பொருளின் ஏற்றக்கோணம் = 90 − (அட்சரேகைக்கும் அதன் நடுவரை விலக்கத்துக்கும், அதாவது வான நடுவரைக்கு வடக்கே (+) அல்லது தெற்கே (−) எத்தனை டிகிரி என்பதற்கும், உள்ள வித்தியாசம்). பால்வெளியின் மையம் −29, ஆக தெற்கே 50 டிகிரியில் வரும். வெடித்த விண்மீனின் எச்சமான கசியோப்பியா ஏ +59, வடக்கே 42. தெற்கு எல்லை 27 என்பதால், −52-க்குக் கீழே உள்ளது எதுவும் எங்களுக்குக் கிடைக்காது.

படி 5: சரிபார்த்தல். சூரியன் டிஷ்ஷைக் கடக்கும்போது சிக்னல் உச்சம் தொடும் நேரத்தைக் குறியுங்கள். அது படி 2-இன் உச்சி நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். டிசம்பர் நல்ல மாதம், சூரியன் 55 டிகிரியில்தான் இருக்கும். தலைக்கு மேலே வரும் நாட்களில் திசைப்பிழை கண்ணில் படாது.

பின்சேர்க்கை: ஜூனில் நிழல் தெற்கே விழுகிறதே என்று பல்லடத்து நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். சரியாகத்தான் விழுகிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் 24 வாக்கு வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அந்த இரண்டு தேதிகளை ஒட்டி உச்சியில் நிழலே இருக்காது. அப்போது கம்பியைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, காலையில் நிழல் நுனி வட்டத்துக்குள் நுழையும் புள்ளியையும் மாலையில் வெளியேறும் புள்ளியையும் சேருங்கள். அது கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்தாக வடக்கு.