சுங்கை சிப்புட்ல இருந்தே திமிங்கலத்தோட வம்சாவளி பாக்குறது எப்படி

மலேசியாவுல அஞ்சாம் படிவத்துல எழுதுற எஸ்பிஎம் பரீட்சைக்குப் பயாலஜி எடுத்திருக்குற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன், லேப்டாப்பும் போன் ஹாட்ஸ்பாட்டும் இருந்தா போதும், காசே செலவில்ல.

முதல்ல என்சிபிஐ சைட்டுல (டிஎன்ஏ வரிசைகள இலவசமா சேத்து வச்சிருக்குற தளம்) நியூக்ளியோடைட் பகுதிக்குப் போய் பெலுகா, நார்வால், போஹெட்னு மூணு திமிங்கலத்தையும் லத்தீன் பேர் போட்டு, கூட "சைட்டோக்ரோம் பி"ங்கிற ஜீன் பேரையும் சேத்து தேடுங்க. அந்த ஜீனோட முழு 1,140 டிஎன்ஏ எழுத்தும் இருக்குறத மட்டும் எடுங்க. நீர்யானையோடதும் ஒன்னு வேணும், இன்னிக்கு உயிரோட இருக்குறதுல திமிங்கலத்துக்கு நெருங்குன சொந்தம் அதுதான், அது இல்லாட்டி கடைசியில போடப்போற வம்சாவளி மரத்துக்கு வேர் எங்கன்னு தெரியாது. ஒவ்வொரு வரிசைக்கும் அந்த சைட்டு குடுத்திருக்குற அடையாள எண்ண, அதான் அக்செஷன் நம்பர, அப்பவே நோட்டுல குறிச்சிடுங்க, நான் குறிக்காம விட்டு ஒரு ராத்திரி பூரா திரும்பத் தேடிருக்கேன்.

அப்புறம் மெகான்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், அதுல மசில்ங்கிற வசதியப் போட்டு நாலு வரிசையையும் எழுத்துக்கு எழுத்து நேரா வர்ற மாதிரி வரிசைப்படுத்துங்க. நடுவுல கோடு கோடா இடைவெளி விழுந்தா எங்கயோ தப்பு, ஏன்னா இந்த ஜீன் நாலுக்கும் ஒரே நீளம்தான். உடனே மரம் போட ஓடாதீங்க, கொஞ்ச நேரம் எழுத்தையே பாருங்க. பெலுகாவும் நார்வாலும் ஒன்னு போல போய்க்கிட்டே இருந்துட்டு திடீர்னு ஒரு கட்டத்துல இதுல சி, அதுல டி. முதல் எழுத்துலேர்ந்து மூணு மூணா எண்ணிப் பாத்தா மாத்தம் பெரும்பாலும் மூணாவது எழுத்துலதான் விழுந்திருக்கும், அங்க மாறுனாலும் பல சமயம் அதே அமினோ அமிலம்தான் வரும். எனக்கு இன்னமும் இதப் பாத்தா புல்லரிக்கும்.

மரம் போட்டா பெலுகாவும் நார்வாலும் ஒரே கிளையில வரணும், போஹெட் தள்ளி நிக்கும், நீர்யானை வெளிய.

இங்கதான் கவனமா இருக்கணும். இந்த ஜீன் செல்லுக்குள்ள சக்தி தயாரிக்குற மைட்டோகாண்ட்ரியாவோடது, அம்மா வழியில மட்டும் வரும். நம்ம வீட்டுலயும் அம்மா, அம்மாவோட அம்மான்னு மட்டும் எழுதி வச்சா தாத்தா எந்த எஸ்டேட்டுல பால்மரம் வெட்டுனாருன்னு எங்கயுமே வராதுல்ல, அதே கததான். கிரீன்லாந்துல ஒரு வேட்டைக்காரர் வித்தியாசமான மண்டையோடு ஒன்ன கொட்டகை கூரை மேல போட்டு வச்சிருந்தாரு, 1990ல ஒரு விஞ்ஞானி கண்ணுல பட்டுச்சு, பல்லு சிலது நார்வால் கொம்பு மாதிரி முறுக்கிக்கிட்டு இருந்துச்சு. அதோட மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நார்வால்னு சொல்லுச்சு, அதோட விட்டிருந்தா நார்வால்னே எழுதிருப்பாங்க. 2019ல அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வர்ற நியூக்ளியர் டிஎன்ஏவையும் (செல்லோட உட்கருவுல இருக்குறது) சேத்துப் பாத்தப்பதான் அம்மா நார்வால், அப்பா பெலுகான்னு தெரிஞ்சது.

அதனால நீங்களும் ஒரு நியூக்ளியர் ஜீன் தேடி எடுத்து அதுக்குத் தனியா மரம் போட்டு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.